வானத்துக் கங்காணிகளைக் கண்டவர்கள்

கோலசிலாங்கூர் நகரை ஒட்டிப் புக்கிட் மெலாவாத்தி எனும் சிறு குன்று நிற்கின்றது. மலாக்கா நீரிணையில் வந்துபோகும் மரக்கலங்களை நோட்டமிடுவதற்கு ஏற்ற இடமாதலால் சிலாங்கூர் சுல்தான்கள் அதன்மேல் கோட்டை அமைத்தனர். 1784 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநரின் பெயரைச் சூட்டினர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டுக்கொண்டார். 1907 ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற கலங்கரை விளக்கம் இன்றும் அங்கு நிற்கின்றது. நோன்பு மாதத்தின் பிறையைக் காண்பதற்குத் தொலைநோக்கியுடன் அறிஞர் ஏறும் குன்றும் இதுவே. கடலைக் காவல் செய்த மேடு காலப்போக்கில் வானைப் பார்க்கும் மேடாகவும் ஆயிற்று.

குன்றின்மேல் நின்ற காவலன் கப்பலைக் கண்டான். கப்பலில் நின்ற மாலுமியும் காவலனைக் கண்டிருப்பான். பார்வைக்கு ஒருவழிப் பாதை கிடையாது. இந்த எளிய உண்மை நம் காலத்தில், மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

அக்குன்றிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சென்றால், சிலாங்கூர் ஆற்றின் கரையில் கம்போங் குவாந்தான் இருக்கின்றது. கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் கூடி, ஒருசேர மின்னி ஒருசேர அணையும் மின்மினிகளைக் காண்பதற்காக உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கு வருகின்றனர். கதிரவன் மறைந்து இருள் கவிந்தபின், சிறு படகுகள் துடுப்பு வலித்துப் புறப்படுகின்றன. படகில் அமர்ந்தோர் அனைவரும் மரங்களையே நோக்குகின்றனர். அவ்வேளையில் யாரேனும் ஒருவர் தலையை நிமிர்த்தி, மரங்களுக்கு மேலே விரிந்த வானத்தைச் சில நிமிடங்கள் உற்று நோக்குவாராயின், அங்கும் ஓர் ஒளிப்புள்ளி அசைவதைக் காணக்கூடும். அது சிமிட்டாது, ஒலி எழுப்பாது, விமானத்தைப்போல் சிவப்பும் பச்சையும் காட்டாது. விண்மீன்களுக்கிடையே சீராக நகர்ந்து, வானின் நடுவிலேயே திடீரென மங்கி மறைந்துபோகும். அதுவே செயற்கைக்கோள். அவ்வாறு கடந்து செல்பவற்றுள் சில, கீழேயுள்ள நாடுகளைப் படமெடுப்பதற்கென்றே அனுப்பப்பட்ட உளவுக்கோள்கள்.

கங்காணி என்னும் சொல்

உளவு நம் மரபுக்குப் புதியதன்று. திருவள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்து, ஒற்றரை அரசனுடைய கண்ணாக வைத்துப் பேசினார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்புநோக்கிய பின்னரே நம்ப வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். அக்கருத்து பின்னர் ஓரிடத்தில் நமக்குப் பயன்படும்.

மலாயாத் தமிழனுக்கு, பார்க்கப்படுதல் என்பது ஏட்டில் படித்து அறிந்த செய்தியன்று. வாழ்ந்து அறிந்த செய்தி. வடசிலாங்கூர்த் தோட்டங்களில் அவனை மேற்பார்த்தவனுக்குப் பெயரே கங்காணி. 'கண்காணி' என்னும் தூய தமிழ்ச்சொல்லே பேச்சுவழக்கில் கங்காணி ஆயிற்று. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்த்து வந்தவனும் அவனே. விடியற்காலைப் பிரட்டில் தலைகளை எண்ணியவனும் அவனே. 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற கூலியாள் குடியேற்றத்தைத் தடை செய்தபோது அந்த ஆள்சேர்ப்பு முடிவுற்றது. ஆயினும் சொல் மறையவில்லை. இன்று வானிலிருந்து நாடுகளை நோட்டமிடும் பணிக்குத் தமிழில் நாம் வழங்கும் சொல் 'கண்காணிப்பு' என்பதேயாம். லயத்திலிருந்து பார்த்தவனுக்குக் கங்காணியின் வருகை நேரம் தெரியும். எந்த நிரையில் அவன் நிற்பான் என்பதும் தெரியும். கண்காணிக்கப்படுபவன் கண்காணிப்பவனை அறிந்து வைத்திருப்பது வாழ்க்கைத் தேவை. வானத்துக் கங்காணிகளை அறிய முற்பட்ட எளிய மாந்தரின் வரலாறும் இத்தகையதே.

உளவுக்கோள்களின் தோற்றம்

1957 ஆம் ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக் எனும் முதற் செயற்கைக்கோளை ஏவிற்று. மூன்றாண்டுகளுக்குள்ளாகவே வானிலிருந்து வேவு பார்க்கும் முயற்சி வெற்றி கண்டது. 1960 ஆம் ஆண்டு ஆகத்து மாதம், அமெரிக்காவின் கொரோனா எனும் மறைமுகத் திட்டத்தின் கீழ் ஏவப்பட்ட கோள், சோவியத்து மண்ணைப் படம் பிடித்தது. அக்காலத்தில் படத்தை மின்னலைகளாக அனுப்பும் வசதி போதிய அளவு வளரவில்லை. எனவே படச்சுருளை ஒரு குடுவையில் வைத்துக் கீழே விடுத்தனர். வான்குடை விரித்து இறங்கிய குடுவையை, நடுவானிலேயே விமானம் ஒன்று கொக்கியிட்டுப் பிடித்தது. 1972 ஆம் ஆண்டு வரை நீடித்த அத்திட்டம் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1995 ஆம் ஆண்டிலேதான் அவற்றைப் பொதுமக்கள் காண இசைவு அளிக்கப்பட்டது. அன்று பகைவனின் ஏவுகணைகளைத் தேடி எடுத்த அப்படங்களில், இன்று தொல்லியலார் மறைந்துபோன பழைய ஊர்களின் சுவடுகளைத் தேடுகின்றனர்.

சோவியத்து நாடும் வாளாவிருக்கவில்லை. ஜெனித் எனும் படமெடுக்கும் கோள்களை, காஸ்மாஸ் என்னும் பொதுப்பெயரால் மறைத்து ஏவிற்று. 1976 ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்கா ஏவிய கே.எச்.11 வகைக் கோள், படச்சுருளின்றிப் படத்தை மின்குறிகளாகவே அனுப்பியது. அவ்வகைக் கோள்களின் உருவம் எத்தகையது என்பதை அரசு சொல்லவில்லை. ஆயினும் 2012 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவுக்கோள் அமைப்பு, தனக்குத் தேவையற்றுப்போன இரு விண்வெளித் தொலைநோக்கிகளை நாசாவுக்கு வழங்கிற்று. அவற்றின் ஆடி 2.4 மீட்டர் அகலமுடையது; புகழ்பெற்ற ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடியும் அதே அளவினதே. ஹப்பிள் விண்மீன்களை நோக்கிற்று. இவை போன்றவை நம் கூரைகளை நோக்கின.

நிலவுக்காவலும் ஒரு பள்ளிக்கூடமும்

இக்கோள்களைக் கீழிருந்து கண்டறிய முனைந்தவர் யாவர்? முதலில் அழைத்தவர்கள் அறிவியலாரே. ஸ்புட்னிக் பறப்பதற்கு முன்பே, 1956 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தின் தலைவர் ஃபிரெட் விப்பிள், 'மூன்வாட்ச்', அதாவது நிலவுக்காவல், என ஓர் இயக்கம் தொடங்கினார். மாணவர், ஆசிரியர், கடைக்காரர், இல்லத்தரசியர் எனப் பலரும் அதில் சேர்ந்தனர். சிறு தொலைநோக்கிகளை வரிசையாக வைத்து, வானில் ஒரு வேலி கட்டியதுபோல் காத்திருந்தனர். கோள் அவ்வேலியைக் கடந்த நொடியைக் குறித்து அனுப்பினர். 1975 ஆம் ஆண்டு வரை அவ்வியக்கம் நடைபெற்றது.

அவர்களுடைய குறிப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்காகப் பேக்கர்-நன் எனும் பெரிய படக்கருவிகள் உலகின் பன்னிரண்டு இடங்களில் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்று 1958 ஆம் ஆண்டில் இந்தியாவின் நைனிதாலில் அமைந்தது. அக்காலத்தில் அங்குப் பணியாற்றியவர் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. அவரே பின்னர்க் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்று, தமிழகத்துச் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கினார்.

நிலவுக்காவலர் கண்டது பெரும்பாலும் அரசுகள் ஒளிக்காத கோள்களையே. அரசுகள் ஒளித்ததைக் கண்டுபிடித்துக் காட்டிய பெருமை ஒரு பள்ளிக்கூடத்தைச் சாரும். இங்கிலாந்தின் கெட்டரிங் நகரில் இலக்கணப் பள்ளி எனப்பெறும் உயர்நிலைப்பள்ளி ஒன்று இருந்தது. அங்கு இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரி. வேதியியல் ஆசிரியர் டெரெக் ஸ்லேட்டர். நெருங்கி வரும் இரயில் வண்டியின் ஊதல் உரத்த சுருதியிலும், விலகிச் செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதை நாம் அறிவோம். டாப்ளர் விளைவு எனும் இவ்வுண்மையைச் செயற்கைக்கோளின் வானொலிக் குறிகளைக் கொண்டு மாணவர்க்கு விளக்க விரும்பினர் அவ்வாசிரியர்கள். பாடத்திற்காகத் தொடங்கிய பழக்கம் நாளடைவில் ஆராய்ச்சியாக வளர்ந்தது. எளிய வானொலி வாங்கியும் கடிகாரமும் குறிப்பேடுமே அவர்களுடைய கருவிகள்.

1966 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆம் நாள் காஸ்மாஸ் 112 எனும் கோள் ஏவப்பட்டது. அது நிலநடுக்கோட்டிற்குச் சாய்ந்திருந்த கோணம் முன்னைய சோவியத்துக் கோள்களுக்குரிய கோணத்தோடு பொருந்தவில்லை. பைக்கனூர் எனும் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டதாக அதைக் கொள்வது கடினமாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் காஸ்மாஸ் 129 பறந்தது. அதன் கோணம் வேறு. இரு கோள்களின் பாதைகளையும் அவை புறப்பட்ட சுற்றுக்குப் பின்னோக்கிக் கணித்து, உலகப்படத்தில் கோடாக வரைந்தனர். இரு கோடுகளும் வடருசியாவில், ஆர்க்கேஞ்சல் பகுதியின் பிளெசெட்ஸ்க் எனும் ஊருக்கு அருகே ஒன்றையொன்று வெட்டின. அங்கு ஓர் ஏவுதளம் இருந்தாக வேண்டும். அவ்வாண்டின் இறுதியில் அச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பிளெசெட்ஸ்கைப்பற்றி அமெரிக்க அரசு அதற்கு முன்பே அறிந்திருந்தது. 1960 ஆம் ஆண்டு மே முதல் நாள் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 உளவு விமானம் கடக்கத் திட்டமிட்டிருந்த இடங்களுள் அதுவும் ஒன்று. ஆகவே, இருந்ததை மறைத்த அரசுக்கும் அது தெரியும். எதிர் அரசுக்கும் அது தெரியும். தெரியாதிருந்தவர் பொதுமக்கள் மட்டுமே. சோவியத்து அரசு அத்தளம் உண்டென வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1983 ஆம் ஆண்டில். பள்ளிச் சிறுவர் சொன்னதை ஒரு வல்லரசு ஒப்புக்கொள்ளப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

உருவத்தைப் பிடித்தவர்கள்

பாதையை அறிவது ஒருவகை. உருவத்தைப் படமெடுப்பது மற்றொரு வகை. பின்னையது எத்துணை அரிது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். பத்து மீட்டர் நீளமுள்ள கோள் ஒன்று நமக்கு நேர்மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்வதாகக் கொள்வோம். அது நம் கண்ணில் விரிக்கும் கோணம் ஏறத்தாழ ஐந்து விகலை. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறே ஒரு விகலை. சிறு தொலைநோக்கியில் நாம் காணும் வியாழனின் வட்டமே ஏறக்குறைய நாற்பது விகலை அகலமுடையது. அவ்வட்டத்தில் எட்டில் ஒரு பங்கே அக்கோளின் நீளம் என்க. அதனினும் பெரிய தடை அதன் வேகம். வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் விரையும் அது, முழுநிலவின் அகலத்தை அரை வினாடிக்குள் கடந்துவிடும். உருவத்தைப் பெரிதாக்கும் தொலைநோக்கியின் பார்வைப் பரப்போ அந்நிலவினும் குறுகியது.

இவ்விரு தடைகளையும் வென்றவர் சிலர். நெதர்லாந்தைச் சேர்ந்த ரால்ஃப் வாண்டெபெர்க் 25 சென்டிமீட்டர் தொலைநோக்கியைக் கையாலேயே திருப்பிக் கோளைத் தொடர்ந்தார். பிரான்சு நாட்டுத் தியெரி லெகோ, கோளைத் தானே பின்தொடரும் பொறியைத் தம் நண்பரோடு சேர்ந்து அமைத்து, 2010 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்க உளவுக்கோள்களைப் படம் பிடித்தார். அண்மை ஆண்டுகளில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் ஷோஃப்பேங்கர் 35 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் அவ்வகைக் கோள்களின் வடிவங்களைக் காட்டியுள்ளார். இவர்களுடைய முறை ஏறத்தாழ ஒன்றே. வினாடிக்குப் பல படங்கள் வீதம் எடுத்து, காற்றின் நடுக்கம் ஓய்ந்திருந்த நொடிக்குரியவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தெளிவு பெறுவர். மிகுதியும் தீட்டினால் இல்லாத சிறகும் இருப்பதுபோல் தோன்றும் ஆபத்து இதில் உண்டு. ஆதலின் ஒரு நாளைய படத்தை மற்றொரு நாளைய படத்தோடும், ஒருவர் கண்டதைப் பிறர் கண்டதோடும் ஒப்பிட்ட பின்னரே முடிவுரைப்பர். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றனால் சோதிக்கச் சொன்ன வள்ளுவர் நெறி, ஒற்றரைப் பார்ப்போர்க்கும் பொருந்திவிட்டது.

இத்தகைய படமெடுப்பிற்கு அடிப்படை, கோள் எந்நொடியில் எங்கு வரும் என்னும் முன்னறிவு. அமெரிக்க அரசு 1980களில் தன் மறைகோள்களின் பாதை விவரங்களை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் ஆர்வலர்களே. 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆம் நாள் எக்சு-37பி எனும் ஆளில்லா விண்கலம் ஏவப்பட்டது. அதன் பாதை மறைக்கப்பட்டது. ஒரு மாதத்திற்குள்ளாகவே கனடாவின் டெட் மோல்சன், கெவின் ஃபெட்டர், தென்னாப்பிரிக்காவின் கிரெக் ராபர்ட்சு ஆகியோர் தம் குறிப்புகளை ஒன்றுசேர்த்து அதனைக் கண்டறிந்தனர்.

2019 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் வியப்பிற்குரியது. ஆகத்து 29 ஆம் நாள் ஈரானின் ஏவுதளம் ஒன்றில் ராக்கெட்டு வெடித்துச் சிதறிற்று. மறுநாள் அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்பு அவ்விடத்தின் மிகத் தெளிவான படம் ஒன்றை உலகறிய வெளியிட்டார். எக்கோள் எடுத்தது என்பதை அவர் கூறவில்லை. நெதர்லாந்தின் மார்க்கோ லாங்புரூக் முதலிய ஆர்வலர்கள் அப்படத்தையே ஆராய்ந்தனர். வட்டமான ஏவுமேடை படத்தில் நீள்வட்டமாகத் தெரிந்தது. அதைக்கொண்டு எக்கோணத்திலிருந்து எடுத்தது என்பதைக் கணித்தனர். தரையில் விழுந்த நிழல், எடுத்த நேரத்தைச் சொல்லிற்று. அந்நேரத்தில் அக்கோணத்தில் இருந்தது, 2011 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் நாள் ஏவப்பட்ட யு.எஸ்.ஏ. 224 எனும் கே.எச்.11 வகைக் கோளே. ஆண்டுக்கணக்கில் அதன் பாதையைக் குறித்து வைத்திருந்தமையாலன்றோ சில மணி நேரத்தில் அதனை அடையாளம் காண முடிந்தது! அமெரிக்க அரசு அப்படத்தின் மறைப்பை முறைப்படி நீக்கியது 2022 ஆம் ஆண்டிலேயாகும்.

பொக்ரான் தரும் பாடம்

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. உளவுக்கோளின் பாதையை ஊரறியச் செய்தால், மறைய வேண்டியவர் மறைந்துகொள்ள மாட்டாரோ? போரைத் தடுக்கும் கண்ணைக் குருடாக்குவது முறையாகுமோ? இவ்வினாவைப் புறக்கணித்தல் நேர்மையன்று. ஏனெனில் உளவுக்கோள்கள் தீமைக்கு மட்டும் பயன்பட்டன அல்ல. இரு வல்லரசுகளும் ஏவுகணைக் குறைப்பு உடன்படிக்கைகளில் கையொப்பமிட்டபோது, மற்றவன் வாக்கைக் காத்தானா என்பதைச் சரிபார்த்தவை அவையே.

இவ்வினாவுக்கு விடை காண இந்தியாவின் வரலாறு துணைபுரிகின்றது. 1995 ஆம் ஆண்டு திசம்பரில், இராசசுத்தான் பாலைவனத்துப் பொக்ரானில் அணுச்சோதனைக்கு ஆயத்தம் நடப்பதை அமெரிக்க உளவுக்கோள்கள் கண்டுவிட்டன. அமெரிக்காவின் நெருக்குதலால் அம்முயற்சி நின்றது. 1998 ஆம் ஆண்டில் மீண்டும் ஆயத்தம் நடந்தபோது முன்னின்றவர்களுள் இருவர் தமிழர். ஒருவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். மற்றவர் சென்னையில் பிறந்த இரா. சிதம்பரம். கோள்கள் தலைக்குமேல் வரும் நேரங்கள் கணிக்கப்பட்டன. பணிகள் பெரும்பாலும் இரவில் நடந்தன. பொழுது புலர்வதற்குள் பொறிகள் பழைய இடங்களுக்கே மீண்டன. அறிவியலார் படைவீரர் உடையில் வந்து சென்றனர். மே 11 ஆம் நாளிலும் 13 ஆம் நாளிலும் வெடிப்புகள் நிகழ்ந்த பின்னரே உலகம் அறிந்தது. அச்சோதனை அறமா அன்றா என்பது வேறு வழக்கு. ஈண்டுப் பெறத்தக்க உண்மை யாதெனின், ஓர் அரசு முனைந்தால் உளவுக்கோளின் நேரத்தைத் தானே கணித்துக்கொள்ளும் என்பதே. அதற்கு ராடார்களும் கணிப்பொறிகளும் கற்றறிந்தோரும் உண்டு. முற்றத்தில் நிற்கும் ஆசிரியர் ஒருவர் இருகண் நோக்கியால் காணக்கூடியதை எதிரி நாடு காணாதிருக்கும் என நம்புவது பேதைமை. ஆகவே பாதையை மறைப்பதனால் இருளில் நிறுத்தப்படுவோர் பெரும்பாலும் பொதுமக்களே. ஆயினும் கண்டதனைத்தையும் உடனுக்குடன் பறையறைய வேண்டும் என்பதன்று. அறிவோடு பொறுப்பும் சேர்ந்தே வர வேண்டும்.

கூரைமேல் விழுவது

பொதுமக்கள் ஏன் அறிய வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேலே சென்றவற்றுள் தாழ்ந்த பாதையில் சுற்றுபவை ஒருநாள் கீழே வரும். 1978 ஆம் ஆண்டு சனவரி 24 ஆம் நாள், கடற்படைகளை வேவு பார்த்த காஸ்மாஸ் 954 எனும் சோவியத்துக் கோள், தன்னுள் இருந்த அணு உலையோடு கனடாவின் வடமேற்குப் பகுதியில் சிதறி விழுந்தது. துப்புரவுச் செலவின் பொருட்டு 1981 ஆம் ஆண்டில் சோவியத்து அரசு முப்பது இலட்சம் கனடிய டாலர் கொடுக்க இசைந்தது. 2006 ஆம் ஆண்டு திசம்பரில் ஏவப்பட்டுச் செயலிழந்த யு.எஸ்.ஏ. 193 எனும் அமெரிக்க உளவுக்கோளில் நச்சு எரிபொருள் நிரம்பியிருந்தது. 2008 ஆம் ஆண்டு பிப்ரவரியில் போர்க்கப்பலிலிருந்து ஏவுகணை செலுத்தி அதனை உடைத்தனர். அதுவரை ஆர்வலர்கள் அதன் பாதை தாழ்ந்து வருவதைப் பின்தொடர்ந்தவண்ணம் இருந்தனர்.

இவை எங்கோ நடப்பன என்று நாம் எண்ணியிருத்தல் இயலாது. 2022 ஆம் ஆண்டு சூலை 31 ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், சரவாக்கின் கூச்சிங் நகர மக்கள் வானில் பல நிறத் தீப்பொறிகள் வரிசையாக ஓடுவதைக் கண்டு திகைத்தனர். அது விண்கல் மழையன்று. ஒரு வாரத்திற்கு முன் சீனா ஏவிய ராக்கெட்டின் பெரும்பகுதி கட்டுப்பாடின்றிக் காற்றுமண்டலத்தில் புகுந்து எரிந்த காட்சியது. அதன் துண்டுகள் போர்னியோவில் கிடைத்தன. அது உளவுக்கோள் அன்று எனினும், தலைக்குமேல் செல்வது யாது என அறியும் உரிமை, கீழே உறங்குபவனுக்கு உண்டு என்பதை அவ்விரவு உணர்த்திற்று.

மலேசியாவும் வானில் கண் வைத்த நாடேயாம். 2009 ஆம் ஆண்டு சூலையில் ஏவப்பட்ட ரசாக்சாட் எனும் படமெடுக்கும் கோள், நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுமாறு அமைக்கப்பட்டது. நம் நாட்டின் மேல் அடிக்கடி வருவதற்கென வகுத்த ஏற்பாடு அது. நெடுநாள் அது பணிபுரியவில்லை. ஆயினும், பார்க்கப்படும் நாடு பார்க்கும் நாடாகவும் ஆகலாம் என்பதற்கு அஃது ஒரு சான்று.

இருளின் அருமை

மீண்டும் கம்போங் குவாந்தான் ஆற்றங்கரைக்கு வருவோம். செயற்கைக்கோளுக்குத் தன்னொளி இல்லை. தரையில் இருள் சூழ்ந்தபின்னும் உயரத்தில் கதிரவன் ஒளி படுவதால்தான் அது தெரிகின்றது. பூமியின் நிழலுக்குள் புகுந்தவுடன் மறைகின்றது. இங்கிலாந்தின் கோடைக்காலத்தில் கதிரவன் தொடுவானுக்குக் கீழே ஆழமாக இறங்குவதில்லை. ஆதலின் இரவு முழுவதும் கோள்களைக் காணலாம். நிலநடுக்கோட்டை அடுத்த கோலசிலாங்கூரிலோ கதிரவன் செங்குத்தாக விழுகின்றான். 400 கிலோமீட்டர் உயரக் கோள் நேர்மேலே ஒளிரக்கூடிய காலம், அந்திக்குப்பின் ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடமே. விடியலுக்கு முன்னும் அவ்வளவே. இங்கு ஏழே கால் மணியை ஒட்டிக் கதிரவன் மறைவதால், எட்டரை மணியளவில் அக்காட்சி முடிந்துவிடும். மின்மினி காணும் படகுகள் புறப்படும் வேளையும் ஏறத்தாழ அதுவே.

மின்மினிக்கும் வான்நோக்குவார்க்கும் வேண்டிய செல்வம் ஒன்றே. அதுதான் இருள். கரையில் விளக்குகள் பெருகினால் மின்மினி தன் துணையை அறியும் ஒளிக்குறி மங்கும். வானத்துப் புள்ளிகளும் மங்கும். படகில் ஏறுவோரிடம் படக்கருவியின் மின்னொளியைப் பாய்ச்ச வேண்டா எனக் கேட்டுக்கொள்வது இதனாலேயே. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகி, செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவரும் வடசிலாங்கூரில், இருண்ட வானம் ஆண்டுக்காண்டு சுருங்குகின்றது. இழந்தபின் அதனை விலை கொடுத்து வாங்கவியலாது.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனுக்கு விலையுயர்ந்த தொலைநோக்கி கிட்டாமற் போகலாம். ஆனால் கெட்டரிங் மாணவர் கையிலிருந்த குறிப்பேடும் கடிகாரமும் அவனுக்கும் கிட்டும். எந்த இரு விண்மீன்களுக்கிடையே, எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை வினாடிக்கு ஒரு புள்ளி கடந்தது என அவன் எழுதி வைப்பானாயின், அஃது ஓர் அறிவியற் பதிவு. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் எழுதுவானாயின் அது வரலாறு. அவனுடைய பாட்டன் விடியற்காலையில் தலைகுனிந்து நின்று கங்காணியின் எண்ணிக்கைக்கு உட்பட்டான். பேரன் அந்திவேளையில் தலைநிமிர்ந்து நின்று, தன்னை எண்ணிச் செல்லும் கண்களைத் தான் எண்ணலாம். அதற்கு யாருடைய இசைவும் வேண்டுவதில்லை. ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலும், அணைத்து வைத்த விளக்கும், சற்றுப் பொறுமையும் இருந்தால் போதும்.